நியூட்ரல் பாயின் படகுக்கு ஒரு கயிறு

இருபத்தைந்தடிக் கயிறு ஒன்று வாங்குவதற்குப் பத்து மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் உத்தமபாளையத்தில் இருக்கிறார். பத்து மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்து அதற்குப் பெயரும் வைத்துவிடலாம். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவர் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் இன்னும் இரண்டு மாதம் கூட்டித்தான் சொல்வார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் நியூட்ரல் பாய். முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறுவார், சாயந்தரம் இறக்கிக்கொண்டு வருவார். நான் அப்போது கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவர் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்தேன்.

பெயர்க் காரணம் எளிது. டீயா காபியா என்று கேட்டால் போதும், முகத்தில் ஒரு மேகம் வந்து நிற்கும். "நான் நியூட்ரல்ல இருக்கேன் தம்பி, நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் கோழியா ஆடா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் இரண்டும் தீர்ந்துபோய், வெறும் பருப்புத் தால்சாவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். மீசையை வைக்கவா எடுக்கவா என்று கேட்ட சலூன்காரர், பதில் வராததால் அடுத்த ஆளுக்குச் சவரம் முடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டிருக்கிறார். அப்போதும் மேகம் கலையவில்லையாம்.

"உங்களை எப்படிக்கா கட்டிக்கிட்டாரு?" என்று அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அதுல மட்டும் டக்குன்னு சரின்னுட்டாக. அதுக்கப்பறந்தான் தம்பி வண்டி நின்னு போச்சு" என்றார் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

ஆனால் அதே மனிதர் மலைப்பாதையில் வேறு ஆள். ஒருமுறை அவரோடு குமுளிக்குப் போனேன். கொண்டையூசி வளைவில் லாரியின் மூக்கு என் கண்ணுக்குத் தெரிவதற்குள் இவர் கியரை மாற்றி, ஓரம் கட்டி, லாரிக்காரருக்குக் கையையும் காட்டி முடித்திருந்தார். இத்தனை வருடத்தில் இறக்கத்தில் ஒருதரம்கூட வண்டியை நியூட்ரலில் விட்டதில்லை. குமுளியில் இறங்கியதும், "டீ சாப்பிடுவோமா பாய், இல்ல காபியா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். மேகம் வந்துவிட்டது. கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

படகு வந்தது ஒரு பங்குனி மாதத்தில். மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஷெட்டுக்குப் பின்னால், பன்னிரண்டடி ஃபைபர் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாரோ ஏரியில் விடுவதற்காக வாங்கி, விடாமல் விட்டது. விறகு நனையாமல் இருக்க அதைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்கள். பாய் பல வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே போய்வந்திருக்கிறார். ஒருநாள் மேனேஜர், "வேணும்னா எடுத்துட்டுப் போ, விறகுக்கு நாங்க தார்ப்பாய் போட்டுக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். வேணுமா வேண்டாமா என்று பாய் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் நின்றதைப் பார்த்து, சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து ட்ரெய்லரில் ஏற்றி ஜீப்புக்குப் பின்னால் மாட்டிவிட்டார்கள்.

அத்தனை வளைவும் இறங்கி அந்தப் படகு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"பாய், கடலு எங்கன இருக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"விசாரிக்கணும்" என்றார் பாய்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏங்க, இத எங்கன நிறுத்துவீக?" என்றார். நிறுத்த இடமே இல்லை. கேட்டுக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாக அது நின்றது. அன்றிலிருந்து நான் என் ஸ்கூட்டரைப் படகின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டிப் போனேன். என் பேண்ட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் மட்டும் வெளுத்துப்போனது அப்படித்தான்.

ட்ரெய்லரின் முன்னால், கைப்பிடி வைத்த சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அதற்கு வின்ச் என்று பெயர். தண்ணீரில் நிற்கும் படகின் மூக்கில் கொக்கியை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், படகு தானாக ட்ரெய்லர்மேல் ஏறி உட்காரும். அதில் சுற்றியிருந்த இரும்புக் கம்பிக் கயிறு துருவேறி, இழை இழையாகப் பிரிந்து, தொட்டவர் கையை எல்லாம் குத்தியது. வேறு மாற்ற வேண்டும். பாய் கயிற்றுக் கடைக்குப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனதுதான் என் கெட்ட நேரம்.

கடைக்காரர் இரண்டு சாமான்களை எடுத்துப் போட்டார். ஒன்று வெள்ளைக் கயிறு, சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். "பிளாஸ்டிக்குன்னு லேசா நெனைக்காதீக பாய். கம்பியவிட ஸ்ட்ராங்கு. வெயிட்டே இல்ல, தண்ணியில மெதக்கும், கையில குத்தாது." இன்னொன்று ஆரஞ்சு நிறப் பெல்ட். லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டுவார்களே, அந்த ரகம், இரண்டு விரல் அகலம். "நுனியில தையல் போட்டு, கொக்கியோடவே வருது. சுத்துனா பட்டையா ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துக்கிரும். கூர்மையான எடத்துல மட்டும் ஒரசக் கூடாது, பிஞ்சிரும்."

"எது நல்லது?" என்றார் பாய்.

"ரெண்டும் நல்லதுதான் பாய்."

அந்த ஒரு வார்த்தையை அந்த மனிதர் சொல்லியிருக்கவே கூடாது.

இரண்டிலும் ஒவ்வொரு முழம் மாதிரிக்கு வெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கயிறு இடது பையில், பெல்ட் வலது பையில். அன்று முதல் யாரைப் பார்த்தாலும் இரண்டு பையிலும் கையை விட்டு இரண்டையும் எடுத்து நீட்டினார். கிணறு வெட்டும் கிரேன்காரர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கம்பிதான் என்றார். வாழைக்காய் வியாபாரி கயிறு என்றார். லாரி டிரைவர்கள் பெல்ட் என்றார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர், ராட்டினக்காரரிடம் கருத்துக் கேட்கப் போய், அவர் வேலை முடியும்வரை காத்து நின்றிருக்கிறார். கூட்டிப்போன ஆட்கள் எல்லாம் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். ராட்டினக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு செயினு போட்டிருக்காரு தம்பி. ஆனா அவருக்குப் படகு இல்லையே" என்றார் கவலையோடு.

வெயில் தாங்குமா என்று பார்க்க, கடையிலிருந்து இரண்டிலும் பத்தடி வாங்கி வந்து மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார். மறுநாளே அக்கா அவற்றில் துணி காயப்போட்டுவிட்டார். நாலு மாதம் கழித்துப் பாய் முடிவு கேட்டபோது, "பெல்ட்டுல கிளிப்பு நிக்க மாட்டேங்குது, கயிறு தேவலாம்" என்று தீர்ப்பு வந்தது. அதுதான் அந்தப் பத்து மாதத்தில் கிடைத்த ஒரே தெளிவான தீர்ப்பு. கோர்ட்டில் வேலை பார்த்த எனக்கே பொறாமையாக இருந்தது.

இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்ற பாவத்துக்காக, செல்போனில் கயிற்றைப் பற்றி வருவதை எல்லாம் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் சாயந்தரம் மலையிலிருந்து வந்ததும் பாய் முகம் கழுவிக்கொண்டு படகில் ஏறி உட்காருவார். நானும் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்து படிப்பேன். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக, கோர்ட் விட்டதும் கால் தானாகப் படகைத் தேடிப் போக ஆரம்பித்தது. என்ன மாயமோ தெரியவில்லை, படகு என்று ஒன்றில் உட்கார்ந்துவிட்டால் தெருவே தள்ளிப் போய்விடுகிறது. மோட்டார் சைக்கிள்கள் எங்கேயோ கரையில் ஓடுவது போல இருக்கும். மேற்கே மலைக்கு மேல் மேகம் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்கும். தூறல் விழுந்தால் பாய் குடையை விரிப்பாரே தவிர இறங்க மாட்டார். தெருவில் மழைத்தண்ணீர் ட்ரெய்லர் சக்கரத்தைச் சுற்றி ஓடும்போது, படகு மெதுவாகக் கேட்டைவிட்டு நகர்ந்து போவதாக எனக்குத் தோன்றும். சத்தியமாகப் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஒரு தூறலில்தான், "எதுக்கு பாய் உங்களுக்குப் படகு?" என்று கேட்டேன்.

குடையை இன்னொரு கைக்கு மாற்றினார். "முப்பது வருசமா வளைவு தம்பி. இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி. கிளச்சு, கியரு, பிரேக்கு. பின்னாடி பத்துப் பொம்பளையாளுக உசுரு. தூங்கும்போதுகூட வலது காலு பிரேக்க மிதிச்சுக்கிட்டே கெடக்குதுன்னு அவ சொல்றா. தண்ணியில பிரேக்கு கெடையாதுல்ல? ஒரு மணி நேரம், அதுல அவளையும் வச்சுக்கிட்டு, பிரேக்க மிதிக்காம இருந்து பாக்கணும். அவ்ளோதான்."

செல்போனைத் திறந்து கயிற்றைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் படித்தேன்.

ஐப்பசி மழையில் ஊருக்கு மேற்கே இருக்கிற கண்மாய் நிரம்பியது. மீன் குத்தகைக்காரர் பாய்க்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் படகை விட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் தயார், படகு தயார், ஜீப் தயார். கயிறுதான் இல்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. அதற்குள் குமுளியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் படகைப் பார்த்துவிட்டுப் போய், அதை விலைக்குக் கேட்டு வாரம் ஒருமுறை போன் செய்ய ஆரம்பித்தார். "பாய், தருமோ இல்லயோ, ஒரு வார்த்தை பறயு!" பாய் அவருடைய மலையாளத்திலேயே, "ஞான் ஆலோசிக்கட்டே" என்று வைத்துவிடுவார்.

தை பிறந்ததும் அக்காவின் பொறுமை தீர்ந்தது. கண்மாய்க்குள் வரிசையாக நிற்கும் கருவேல மரங்களில் முதல் மரத்தின் அடி காய்ந்துவிட்டது என்று பால்காரர் சொன்ன அன்று, அக்கா படகுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இங்கரு தம்பி, நீங்க சாச்சி. மூணாவது மரத்து அடி என்னைக்குக் காயுதோ அன்னைக்கு இந்தப் படகு கொமுளிக்குப் போயிரும். வாசல்ல ஒரு கோலமாவு டப்பா வைக்க எடமில்லைன்னு அந்த எதிர்வீட்டு ஆத்தாகூட என்னைய ஏசுது. என்னாங்க, காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. பாய் மறுநாள் முதல் தினமும் கண்மாய்க்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்துவிட்டு வந்து யோசித்தார். இரண்டாவது மரமும் காய்ந்தது. மூன்றாவது மரத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றபோது, இருவரும் கடைக்கு ஓடினோம். பெல்ட்டை முந்தின நாள்தான் ஒரு லாரிக்காரர் மொத்தமாக வாங்கிப் போயிருந்தார். மிச்சம் இருந்தது கயிறு மட்டும். பந்தியில் கோழியும் ஆடும் தீர்ந்து தால்சா மிஞ்சிய கதைதான். பாய் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. எங்கள் பக்கம் எந்தப் புதுக் கயிற்றையும் அப்படியே மாட்டில் கட்ட மாட்டார்கள், அதைப் 'பழக்க' வேண்டும். பாயும் பழக்கினார். அந்த வெள்ளைக் கயிற்றைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டார். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கட்டிக் கல்லைத் தொங்கவிட்டார். பிறகு ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயை எடுத்து, குழந்தைக்குத் தேய்ப்பது போல நுனியிலிருந்து நுனிவரை தேய்த்தார். "இப்பப் பாருங்க தம்பி, பட்டு மாதிரி இருக்கு!" என்று நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரிதான் இருந்தது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரகக் கயிறு பிறக்கும்போதே வழுக்கும். இதில் முடிச்சு நிற்காது. நுனியை மடக்கி உள்ளேயே விட்டுப் பின்ன வேண்டும். இது செல்போனில் தெளிவாக எழுதியிருந்தது. கடைசிப் பத்தியில். அந்தச் சாயந்தரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் கடைசிப் பத்தியைப் படிக்காமலே விட்டுவிட்டேன். கொக்கியில் அவர் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கியபோது பக்கத்தில் நின்று, "நல்லா இருக்கு பாய்" என்று வேறு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலைப்பக்கத்துக் கரையில் ஜீப்பைப் பின்னால் எடுத்து, ட்ரெய்லரைத் தண்ணீர் விளிம்பில் நிறுத்தினார். படகு வழுக்கி இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தபோது நான் கைதட்டிவிட்டேன். அக்கா ஏற மறுத்துவிட்டார். "எனக்கு இந்தக் கரையே போதும். நீங்க போங்க." எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. பாய் மட்டும் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓரமாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. படகைக் கொண்டுவந்ததே அக்காவை உட்கார வைக்கத்தானே! துடுப்பைக் கரையில் போட்டுவிட்டு, படகின் மூக்கில் கொக்கியை மாட்டினார்.

"சும்மா ஏறி உக்காரு புள்ள. இங்கன, கரையோரத்துலயே. கயிறு மாட்டியாச்சு, எங்கயும் போகாது. நான் சுத்தி மேல ஏத்திருறேன். படகுல உக்காந்தேன்னு ஒரு பேருக்காவது இருக்கட்டும்."

பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பாய் கைப்பிடியைச் சுற்றினார். படகின் மூக்கு ட்ரெய்லரில் பாதி ஏறியது. கயிறு விறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரட்டை முடிச்சு, எந்தச் சத்தமும் இல்லாமல், சோம்பல் முறிப்பது போல மெதுவாகத் தன்னைத் தானே அவிழ்த்துக்கொண்டது. படகு வந்த வழியே பின்னால் போனது. மலைக்காற்று அதை வாங்கிக்கொண்டது.

"யா அல்லா!" என்று அக்கா கத்தியது மட்டும் கேட்டது. பாய் இடுப்பளவு தண்ணீர்வரை ஓடினார். அதற்கு மேல் போக முடியாது, முப்பது வருடம் மலை ஏறியவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. துடுப்பு கரையில். எதிர்க்கரையில் குத்தகைக்காரரின் பரிசல் மட்டும் தெரிந்தது. நான் துண்டை வீசிக் கத்தினேன்.

"பயப்படாதே! பிடிச்சு உக்காரு!" என்று பாய் தொண்டை கிழியக் கத்தினார். படகு நடுக் கண்மாய்க்குப் போய், மெதுவாக ஒரு அரைவட்டம் சுற்றி நின்றது.

இரண்டு பக்கமும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த அக்கா ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். முதுகைச் சாய்த்துக்கொண்டு மலையைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீரில் விரலை விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாயின் சட்டைப் பையில் போன் அடித்தது. குமுளிக்காரர். பாய் ஈரக்கையால் எடுத்துக் கேட்டுவிட்டு, நடுங்கும் குரலில் தண்ணீரைப் பார்த்துக் கூவினார்: "கொமுளிக்காரரு கேக்குறாரு! படகைக் குடுத்துருவோமா? என்ன சொல்லட்டும்?"

தண்ணீர்மேல் அக்காவின் குரல் தெளிவாக வந்தது.

"சீட்டுல ஆளு இருக்குன்னு சொல்லுங்க!"

பாய் போனைக் காதில் வைத்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கொடுக்கறதில்ல" என்று சொல்லி அணைத்தார். அந்த ஆளை நான் மலைப்பாதையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எதிர்க்கரையிலிருந்து பரிசல் கிளம்பி வந்தது. பாதி வழி வந்ததும் அக்கா கையைக் காட்டி அதை நிறுத்தினார். "கொஞ்சம் பொறுத்து வாங்கண்ணே, இப்பத்தான உக்காந்திருக்கேன்" என்றது எங்களுக்கும் கேட்டது. குத்தகைக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே பீடி பற்றவைத்தார்.

பாய் கரையேறி வந்து என் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். கையில் அந்த எண்ணெய்க் கயிறு. "பெல்ட்டு தம்பி. தையல் போட்டது. நாளைக்கே" என்றார். பிறகு வெகுநேரம் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவ ஒரு எடத்துல சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல."

அவர் வலது கால் என் கண்ணில் பட்டது. சேற்றில் அது பாட்டுக்குத் தளர்ந்து கிடந்தது. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் யோசித்து, மாற்றலாகி வேறு ஊருக்கும் வந்தபிறகு, இப்போது சொல்கிறேன், பாய்.